வளர்பிறையும் விலக்கும்

வருசநாட்டில் எங்கள் கொல்லைக்கு நாள் குறிப்பவர் அம்மா. ஆடிப் பட்டத்தில் வளர்பிறை பார்த்து அவரை, பீர்க்கு, சுரை ஊன்றுவார். சேனைக்கும் கருணைக்கும் தேய்பிறை. தினசரிக் காலண்டரில் மேல்நோக்கு நாளா, கீழ்நோக்கு நாளா என்றும் பார்ப்பார். அமாவாசையன்று மண்வெட்டி தொடமாட்டார். பகலெல்லாம் அவர் கூலிக்குப் போகும் இலவங்காட்டில் நாள் குறிப்பது காட்டுக்காரர். அம்மா சொல்லுக்கு நிலம் கட்டுப்பட்டது கொல்லையில் மட்டும்தான்.

அதே அம்மாதான் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். தூரமான மூன்று நாளும் கறிவேப்பிலையைத் தொடாதே, பட்டுப்போகும். பாகல் பந்தலுக்குக் கீழே போகாதே. சாம்பல் கலந்து விதை வைத்திருக்கும் குடுவையைத் திறக்காதே. இரண்டு பாடத்தையும் ஒரே வாயிலிருந்து, ஒரே கொல்லையில் கற்றோம். இப்போது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடலாமா? ‘எடுத்தால் முழுசாக எடு’ என்கிறார்கள் உறவினர்கள். ‘இரண்டுமே மூடநம்பிக்கை, இரண்டையும் விடு’ என்கிறார்கள் தோழிகள்.

உண்மையா பொய்யா என்று மட்டும் பார்த்தால் தோழிகள் பக்கம்தான் நியாயம். நிலவு கடலை ஏற்றி இறக்குகிறது. ஒரு குழி மண்ணின் ஈரத்தை அது இழுக்கும் அளவு பொருட்படுத்தத் தக்கதல்ல. விதை முளைப்பது ஈரத்தாலும் சூட்டாலும் விதையின் தரத்தாலும்.

ஆனால் அறிவியலின் பெயரால் வருவதெல்லாம் நம்மைக் காப்பாற்றிவிடுவதில்லை. 1920-இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் பெலா ஷிக், மாதவிலக்கான பெண் தொட்டால் பூ வாடுகிறது, அவள் உடலில் ஒரு நஞ்சு இருக்கிறது என்று எழுதினார். பூவைக் கொடுத்துப் பார்த்தது வேலைக்காரப் பெண்ணின் கையில். அந்த நஞ்சு இருப்பது நிரூபணமாகவே இல்லை. இருந்தும் ‘மெனோடாக்சின்’ என்ற பெயர் பல பத்தாண்டுகள் மருத்துவ இதழ்களில் நடமாடியது.

ஆகவே நான் கூடவே இன்னொரு கேள்வியும் கேட்கிறேன்: இந்த விதி பொய்யானால் யாருக்கு நட்டம்? வளர்பிறைக்காக நாலு நாள் காத்திருந்து விதை முளைக்காவிட்டால் போவது ஒரு பிடி விதை, அதுவும் காத்திருந்தவருடையது. தீட்டு பொய்யானால் போவது பெண்ணின் நாட்கள். மாதம் 3 நாள் வீதம் 38 வருடத்துக்கு 1,368 நாள். நாலு வருடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதில் பள்ளிக்கூட நாளும் உண்டு, கூலி நாளும் உண்டு. விதியைப் போட்டவருக்கு அதில் ஒரு நாளும் குறைவதில்லை.

இந்த அளவுகோல் நிலவுக்கும் சலுகை காட்டாது. ‘இன்றைக்கு நாள் சரியில்லை’ என்று காட்டுக்காரர் விதைப்பைத் தள்ளிப்போட்டால், அன்றைய கூலியை இழப்பது அம்மா. கொல்லையில் அவருக்கு உரிமையாக இருந்த அதே வளர்பிறை, இலவங்காட்டில் அவர் வயிற்றில் அடிக்கிறது. நம்பிக்கை ஒன்றுதான், நாள் குறிப்பவரும் நட்டப்படுபவரும் ஒருவரா, வேறு வேறு ஆட்களா என்பதில்தான் அறம் இருக்கிறது.

தமிழில் திங்கள் என்றால் நிலவு, மாதமும் திங்கள்தான். அந்த மாதத்தோடு ‘விலக்கு’ என்ற சொல்லை ஒட்டவைத்தது நிலவல்ல, மனிதர்கள். ஒட்டியதைப் பிரித்தெடுக்கவும் மனிதர்களால் முடியும்.

அம்மாவின் வளர்பிறையை நான் வைத்துக்கொண்டேன், அவர் கையில் இருந்த ஒரே அதிகாரத்தின் நினைவாக. விலக்கை என் மகளுக்குச் சொல்லவில்லை. அவள் எல்லா நாளும் கறிவேப்பிலை பறிக்கிறாள். மரம் பறிக்கப் பறிக்கத் துளிர்க்கிறது.