பிள்ளையின் உடலும் பெற்றோரின் உரிமையும்

மிகைப் பருமனால் வருந்தும் சிறாரிடம் புதிய மருந்தொன்றைச் சோதிக்கலாமா? அச்சோதனைக்குப் பிள்ளையை ஒப்படைக்கப் பெற்றோருக்கு உரிமையுண்டா? மருத்துவர் மட்டும் விடைகூறி முடிக்கத்தக்க வினாவன்று இது.

செமாக்ளூடைடு என்னும் ஊசிமருந்தை 12 முதல் 18 வயதுக்குட்பட்ட 201 இளையோரிடம் பல நாடுகளில் சோதித்து, 2022-இல் முடிவை வெளியிட்டனர். வாரம் ஒன்றாக 68 வாரங்கள், 134 பேருக்கு மருந்தும் 67 பேருக்கு மருந்தற்ற வெற்றூசியும் அளிக்கப்பட்டன. யாருக்கு எது என்பதைச் சிகிச்சையளித்த மருத்துவரும் அறியார். மருந்தேற்றவரின் உடல்நிறைக் குறியீடு சராசரியாக 16.1 விழுக்காடு குறைந்தது, மற்றவருக்கு 0.6 விழுக்காடு கூடியது. குமட்டல் முதலிய வயிற்றுத் தொல்லைகளோ மருந்தேற்றவரிடமே மிகுந்திருந்தன.

பெரியவரிடம் சோதித்தது போதாதா எனக் கேட்கலாம். மருந்தின் இயல்பை மனித உடலிலேயே சோதித்தறிய வேண்டும், சிங்கத்திடமோ குதிரையிடமோ கண்டது மனிதனுக்குச் சான்றாகாது என்பது இப்னு சீனாவின் கருத்து. வளரும் உடலுக்கும் வளர்ந்த உடலுக்கும் இடையிலும் அவ்வாறான வேற்றுமை உண்டன்றோ? சோதியாமல் கொடுப்பதும் ஒரு சோதனையே, கணக்கெழுதப்படாத சோதனை!

ஆயினும், எத்தீமின் பொருளை அவனுக்கு நலம் பயக்கும் வகையிலன்றிக் காப்பாளர் கையாளலாகாது என்பது நம் ஷரீஅத்தின் நெறி. பொருளுக்கே இவ்வளவு காவலென்றால் உடலுக்கு எவ்வளவு வேண்டும்! வெற்றூசி பெற்ற 67 பேருக்கு என்ன நலம்? உணவு, உடலுழைப்பு பற்றிய வழிகாட்டல் இரு சாராருக்கும் கிடைத்தது; மருந்தின் நன்மையும் தீமையும் அப்போது முழுமையாகத் தெளிவுபட்டிருக்கவில்லை. எனவே, இதை அநீதி என்று நாம் கூறமாட்டோம். ஆனால், வெற்றூசியும் வாய்க்கலாம் என்பதை மறையாது உரைத்திருத்தல் கடமை. பெற்றோரின் கையொப்பம் மட்டும் போதாது. பொருளை ஒப்படைக்குமுன் பிள்ளையின் விவேகத்தைச் சோதித்தறியுமாறு திருமறை பணிக்கிறது. விவேகம் படிப்படியாக வளர்வது; பதின்மூன்று வயதுப் பிள்ளை வேண்டாமென்றால் அச்சொல்லுக்கும் மதிப்புண்டு.

பல ஊர்களில் நடக்கும் ஆய்வை ஒருங்கிணைப்போரின் பொறுப்பு, ஹதீஸ் கலைவாணரின் பொறுப்பை ஒத்தது. அறிவிப்பாளர் பலராயின் செய்தி வலுப்பெறும். ஒருவர் பொய்யராயின் அவ்வரிசையே வீழும். ஓரிடத்தில் எடையைத் தவறாகக் குறித்தாலும், ஒரு பிள்ளையின் வலியை எழுதாது விட்டாலும் அத்தவறு எல்லா நாட்டுப் பிள்ளைகளையும் சென்றடையும். ஆதலின் எல்லா இடத்திலும் ஒரே அளவுகோலும் ஒரே வாய்மையும் வேண்டும்.

ஆய்வு முடிந்தபின் என்ன? 2020-இல் வெளியான லிராக்ளூடைடு ஆய்வில், மருந்தை நிறுத்தியபின் எடை மீண்டும் ஏறியது. ஆய்வுக்குப் பிந்திய சிகிச்சைக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டுமென்று, 1964-இல் தோன்றி 2024-இல் திருத்தப்பெற்ற ஹெல்சிங்கி அறிக்கை வற்புறுத்துகிறது. அமானிதம் பெற்றவர் தம் தேவை தீர்ந்ததும் கைகழுவுதல் முறையன்று. கையொப்பமிடுமுன் பெற்றோர் இதனை அவசியம் கேட்டறிக.

வல்லாஹு அஃலம்.