தீர்த்தமும் நாரையும்



மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் போற்றுவது நம் சைவ மரபு. ஜேர்மனிக்கு வந்த நாம் மூர்த்தியையும் தலத்தையும் அரும்பாடுபட்டு அமைத்துக்கொண்டோம். ஹம் நகரின் ஊன்ட்ரொப் பகுதியில் காமாட்சி அம்பாளுக்கு இராசகோபுரத்துடன் ஆலயம் எழுந்து 2002ஆம் ஆண்டு குடமுழுக்கும் கண்டது. ஆனால் தீர்த்தம் நாம் வெட்டியதன்று. தேருக்கு அடுத்த நாள் அம்பாள் தீர்த்தமாடுவது அருகே ஓடும் டட்டெல்ன்–ஹம் கால்வாயில். அந்தக் கால்வாய்க்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

இப்பகுதிக் கால்வாய்களுக்கு நீரூட்டுவதில் பெரும் பங்கு லிப்பே ஆற்றுக்கே உரியது. ஹம் நகரில் அந்த ஆற்றின் நீர் கால்வாய்க்குள் விடப்படுகிறது. லிப்பேயின் இரு கரையிலும் புல்வெளியும் சேறும் குட்டைகளுமாக ஈரநிலம் விரிந்து கிடக்கிறது. கோயிலுக்கு வரும் நாம் காரில் அதைக் கடந்துதான் போகிறோம், இறங்கிப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருமுறை பிள்ளைகள் அங்கே போகக் கேட்டபோது, "அது வெறும் சேற்று நிலம், அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று தடுத்தவன் நான். இன்று அந்தச் சொல்லுக்காக வெட்கப்படுகிறேன்.

சென்ற சித்திரையில் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளுடன் அந்த ஆற்றங்கரைப் பாதையில் நடந்தேன். தவளைச் சத்தம் காதை நிறைத்தது. உயர்ந்த கம்பத்தின் மேல் ஒரு பெரிய கூடு. அதில் வெள்ளை உடல், கறுத்த இறகு நுனி, சிவந்த கால், சிவந்த அலகு கொண்ட ஒரு பறவை நின்றது. சத்திமுற்றப் புலவர் தம் மனைவிக்குத் தூது விட்டாரே, அந்தச் செங்கால் நாரை! ஒரு சிறுமி என் கையைப் பிடித்து, "மாமா, மதுரைக் கதையில வந்த நாரை இதுதானா?" என்று கேட்டாள்.

பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில் நாரைக்கு முத்தி கொடுத்த படலம் உண்டு. மழையின்றித் தன் குளம் வற்றிப்போக, ஒரு நாரை வேற்றிடம் தேடிப் பறந்தது. முனிவர்கள் நீராடும் ஒரு பொய்கையை அடைந்து, அவர்கள் வாயிலாக மதுரையின் பெருமையைக் கேட்டது. மதுரைக்கு வந்து பொற்றாமரைத் தீர்த்தத்தில் மூழ்கிச் சோமசுந்தரரை வழிபட்டது. பசித்தபோதும் அத்தீர்த்தத்து மீனைத் தின்ன மனம் ஒப்பவில்லை. இறைவன் காட்சி தந்து முத்தி அருளினார்.

இக்கதையில் நாம் கவனியாமல் விடும் ஓர் இடம் உண்டு. அந்த நாரை ஊரை விட்டது விரும்பியன்று. அதன் குளம் வற்றிவிட்டது. இருந்த இடம் இல்லாமற்போகப் புறப்பட்ட உயிர் அது. நமக்கு அந்த வேதனையை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

லிப்பேக் கரை நாரைக்கும் நடந்தது அதுவே. படகுப் போக்குவரத்துக்காகவும் பயிர்ச்செய்கைக்காகவும் ஆற்றை நேராக்கினார்கள். கரைகளைக் கல்லால் இறுக்கினார்கள். ஆறு ஆழமாகத் தன்னை அரித்துக்கொண்டது. பக்கத்து நிலம் காய்ந்தது. தவளையும் புழுவும் குறைய, நாரையும் போயிற்று. 1990களின் தொடக்கத்தில் நோர்ட்றைன்–வெஸ்ட்பாலன் மாநிலம் முழுவதிலும் கூடு கட்டிய வெண்ணாரை இணைகளை விரல்விட்டு எண்ணலாம்.

பின்னர் தவறு திருத்தப்பட்டது. 2005 முதல் 2010 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் லைஃப் திட்ட உதவியுடன், ஹம் நகரை அடுத்த ஆற்றங்கரையில் கற்களை அகற்றினார்கள். அணைகளைப் பின்னுக்குத் தள்ளி ஆற்றுக்கு இடம் விட்டார்கள். நீர் திரும்பியது, நாரையும் திரும்பியது. இன்று இம்மாநிலத்தில் நூற்றுக்கணக்கான இணைகள் குஞ்சு பொரிக்கின்றன.

ஈரநிலம் பறவைக்கு மட்டும் உரியதன்று. மழை மிகும்போது வெள்ளத்தை ஏந்தி, மெல்ல மெல்ல விடுகிறது. 2023 டிசம்பர் இறுதியில் லிப்பே கரைபுரண்டபோது புல்வெளிகள் ஏரிபோல் நின்றன. அங்கே தங்கிய அவ்வளவு நீரும் வீடுகளை நோக்கிப் போகவில்லை. வயல்களிலிருந்து வழியும் உரத்தின் கழிவை நாணலும் சேறும் பிடித்து வைக்கின்றன. கோடையில் நிலத்தடி நீருக்கும் துணை நிற்கின்றன.

ஊரிலும் நமக்கு இது புதிதல்ல. மன்னாரில் திருக்கேதீச்சரத்துப் பாலாவித் தீர்த்தத்துக்கு அண்மையில்தான் பூநாரைகள் வந்திறங்கும் வங்காலை ஈரநிலம் இருக்கிறது. 2010இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது. தொண்டைமானாற்றுக் கரையில்தான் செல்வச்சந்நிதி முருகன் வீற்றிருக்கிறான். நம் முன்னோர் கோயிலையும் நீர்நிலையையும் பிரித்துப் பார்த்ததில்லை.

ஆகவே சில வேண்டுகோள்கள். தீர்த்தத் திருவிழாவில் பிளாஸ்டிக் பை, துணி, கற்பூரப் பெட்டி எதுவும் கால்வாயில் விழலாகாது. வாத்துகளுக்குப் பாண் போடுவது புண்ணியமன்று. அது நீரைக் கெடுக்கும். பங்குனி முதல் ஆடி வரை பறவைகள் அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும் காலம்; பாதையை விட்டு இறங்காதீர்கள். திருவிழாவுக்கு வரும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அந்தச் சிறுமிக்கு நான் சொன்ன விடை இதுதான்: "அந்த நாரையின் இனத்துப் பிள்ளை, அம்மா. தண்ணி திரும்பி வந்ததால இதுவும் வந்திருக்கு." வீடு திரும்பும்போது அவள் தாயிடம், "எங்கட கோயில் நாரை" என்று சொல்லிக்கொண்டு போனாள். நாற்பது ஆண்டுகளாக இந்நாட்டில் வாழும் நம்மில் பலர் இந்த மண்ணை இன்னும் 'அவர்களுடைய நாடு' என்றே சொல்கிறோம். அந்தக் குழந்தை அப்படிச் சொல்லவில்லை.

நமக்கு இடம் தந்த மண்ணின் நீரையும் அதை நம்பி வாழும் உயிர்களையும் காக்கும் நல்லறிவை அன்னை காமாட்சி நம் அனைவருக்கும் அருள்வாளாக.

சுபம்.