நின்ற எஞ்சினும் சற்காரியவாதமும்

பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற டிராக்டர் எஞ்சின் மறுபடி ஓடும்போது அந்த ஓட்டம் எங்கிருந்து வருகிறது? இல்லாத ஒன்று புதிதாகப் பிறந்ததா, உள்ளே அடங்கிக் கிடந்தது வெளிப்பட்டதா? காரியம் தோன்றுமுன் காரணத்தில் இல்லை என்பது நியாய வைசேடிகர் கொள்கை. இதற்கு அசற்காரியவாதம் என்று பெயர். காரியம் காரணத்துக்குள் நுண்ணிலையில் ஏற்கெனவே உண்டு என்பது சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் கொள்ளும் சற்காரியவாதம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம் 12 நூற்பாக்களே கொண்ட சிறு நூல். ஒடுங்கிய உலகம் ஒடுங்கிய இடத்திலிருந்தே மீண்டும் தோன்றும் என்று அதன் முதல் நூற்பாவே சொல்கிறது. ஒடுக்கம் வேறு, அழிவு வேறு.

இந்த வேறுபாட்டை நின்ற டிராக்டரில் கண்ணால் பார்க்க ஏற்ற ஊர் கெப்பாலா பத்தாஸ். மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பெருநிலப் பகுதியில், செபராங் பிறை வடக்கு மாவட்டத்தில், மூடா ஆற்றுக்குத் தெற்கே நெல்வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. மலேசிய வயல்களில் ஒரு காலத்தில் பரவலாக உழுத மாஸி ஃபெர்குசன் 35, 135 வகை டிராக்டர்களில் பெரும்பாலும் பெர்கின்ஸ் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் இருந்தது, கொள்ளளவு 2.5 லிட்டர். அதன் உறவுக்கார எஞ்சின்கள் சென்னை டாஃபே டிராக்டர்களிலும் உண்டு என்பதால் தமிழ்நாட்டு வாசகருக்கும் அதன் சத்தம் பழக்கம்தான்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றை பிஸ்டன் ஏறத்தாழ 17இல் ஒரு பங்காக நெருக்குகிறது. வெப்பம் 500 பாகை செல்சியசைத் தாண்டுகிறது. அந்த நேரத்தில் இன்ஜெக்டர் பீய்ச்சும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. மலாய் தீபகற்பத்திலும் தென்கிழக்காசியாவின் பிற பகுதிகளிலும் இதே முறையில் நெருப்பு உண்டாக்கும் சிறு குழல்கள் நெடுங்காலமாகப் புழங்கின: குழலுக்குள் தண்டை ஓங்கி அடித்தால் அதன் நுனியிலிருக்கும் பஞ்சு கனலும். பேராசிரியர் கார்ல் ஃபொன் லிண்டே பினாங்கில் அப்படி ஒன்றைப் பெற்றுச் சென்று மியூனிக்கில் இயக்கிக் காட்டினார், அதைப் பார்த்த மாணவர் ருடால்ஃப் டீசலுக்குப் பொறி தட்டியது என்று ஒரு செய்தி சொல்லப்படுவதுண்டு. செய்தி எப்படியானாலும், 1897இல் சோதனையில் தேறிய டீசலின் எஞ்சினும் நெருக்கிய காற்றின் சூட்டைத்தான் நம்பியது. விறகுக்குள் தீ உண்டு, கடைந்தால் வெளிப்படும் என்று சைவம் சொல்லிவந்ததற்கு இதைவிடப் பக்கத்துச் சான்று கிடைப்பது அரிது.

நின்ற எஞ்சினை எழுப்பும் வேலையில் முக்கால்வாசி நீக்கும் வேலை. கை தேர்ந்த ஃபோர்மேன் (மலேசிய வழக்கில் மெக்கானிக்) எடுத்த எடுப்பில் ஸ்டார்ட்டரைத் திருகுவதில்லை. முதலில் அடித்தட்டிலுள்ள பழைய எண்ணெயை இறக்குவார். எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் வந்தால் விஷயம் புரிந்துவிடும். மேல்நோக்கி நிற்கும் புகைக்குழாய்க்கு மூடி இல்லாமல் கிடந்த டிராக்டரில், எந்த சிலிண்டரின் வெளியேற்று வால்வு திறந்த நிலையில் எஞ்சின் நின்றதோ அந்த ஒரு சிலிண்டருக்குள் மழைநீர் இறங்கி பிஸ்டன் வளையங்களைத் துருவால் பிடித்துவைக்கும். பக்கத்து சிலிண்டர்கள் பளபளவென்று இருக்கலாம். இன்ஜெக்டர்களைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியாக மெல்லிய எண்ணெயை ஊற்றிச் சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு முன்புறத்துப் புல்லியைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஒரு விரலளவு நகர்ந்தாலும் நல்ல செய்தி. அங்கே பலத்தைக் காட்டினால் வளையம் உடையும்.

அடுத்தது எரிபொருள். டாங்கியின் அடியில் தண்ணீரும் கொழகொழப்பான அழுக்கும் படிந்திருக்கும். கழுவி, பில்டரை மாற்றிய பிறகும் எஞ்சின் ஓடாது, குழாய்க்குள் காற்று நிற்பதால். கைநெம்பால் டீசலை ஏற்றிக்கொண்டே பில்டர், பம்ப், இன்ஜெக்டர் குழாய் என்ற வரிசையில் நட்டுகளைத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வடியும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். பம்புக்குள் எரிபொருள் அளவை முறைப்படுத்தும் வால்வு பிசினில் ஒட்டியிருந்தால் எஞ்சின் கிளம்பவே கிளம்பாது, அல்லது கிளம்பிக் கட்டுக்கடங்காமல் பறக்கும்; காற்று வரும் வாயை அடைக்க ஒரு பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்பது அதற்காகத்தான். ஈதர் தெளித்துக் கிளப்புவது சோம்பேறி வைத்தியம்.

இந்த வேலைகளில் எதுவும் ஓடும் ஆற்றலை எஞ்சினுக்குள் கொண்டுபோய் வைப்பதில்லை. துருவும் நீரும் பிசினும் காற்றும் விலகுகின்றன, அவ்வளவே. மணலைச் செக்கிலிட்டு எவ்வளவு ஆட்டினாலும் எண்ணெய் வராது, எள்ளில் வரும் என்ற சற்காரியவாதியின் வாதத்துக்கு இது வலுச் சேர்க்கிறது. நையாயிகர் விடமாட்டார்: உடைந்த வளையத்துக்குப் பதில் கடையில் வாங்கிய வளையம் போட்டால், அதில் இந்த எஞ்சினின் ஓட்டம் எங்கே ஒளிந்திருந்தது? நியாயமான கேள்வி. சித்தாந்தத்தின் விடை, காரணம் ஒன்றல்ல, மூன்று என்பது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். மண்ணில் குடம் உண்டு என்றாலும் குயவன் இல்லாமல் அது தானே எழுந்து வராது. வளையத்தைத் தேர்ந்து பொருத்தும் ஃபோர்மேனும், அவர் கையிலுள்ள ஸ்பேனரும் கணக்கில் வந்தாக வேண்டும். உள்ளதே தோன்றும் என்று சொல்லிவிட்டுச் செய்பவனைச் சித்தாந்தம் தள்ளிவிடுவதில்லை. பிரகிருதி என்னும் மூலப்பொருளே உலகமாக விரியும், கடவுள் வேண்டியதில்லை என்ற பழஞ்சாங்கியத்திலிருந்து அது பிரியும் இடம் இதுதான்.

மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் பூதவாதி வேறு வழி போகிறான். பூவும் வெல்லமும் மற்றவையும் கூடிய இடத்தில் கள்ளின் வெறி பிறப்பதுபோல், பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், பிரிந்தால் போகும் என்பது அவன் கட்சி. எஞ்சினைப் பொறுத்தமட்டில் அவன் சொல்வதில் தவறு காண்பது கடினம். காற்று, எரிபொருள், நெருக்கம் மூன்றும் கூடினால் ஓட்டம். ஒன்று குறைந்தால் நிற்கும். ஆனால் அவன் அங்கிருந்து மனிதனுக்குத் தாவுகிறான். எஞ்சின் தான் ஓடுவதை அறியாது, நின்றதையும் அறியாது. அறிகிற ஒன்றை விளக்க அறியாத ஒன்றை உவமை காட்டினால், விளக்க வேண்டியது அப்படியே மிஞ்சிவிடுகிறது.

சித்தாந்திக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கருவிகள் ஏதும் கூடாமல் ஆணவம் என்னும் அறியாமை இருளில் கிடக்கும் உயிரின் நிலையைக் கேவலம் என்பர். உடலும் கருவிகளும் கூடிச் செயல்படுவது சகலம். நின்ற எஞ்சினைக் கேவலத்துக்கும் ஓடும் எஞ்சினைச் சகலத்துக்கும் உவமையாக்க ஆசை வரும். உவமை பாதியில் முறிகிறது. ஆணவம் செம்பில் களிம்புபோல, நெல்லில் உமிபோல உயிரோடு அநாதியாகவே உள்ளது என்பது சித்தாந்தம். அது சகச மலம். பட்டறையிலிருந்து வந்த நாளில் சிலிண்டரில் துரு இல்லை. மழை வந்தது, பிறகு துரு வந்தது. இடையில் வந்து சேர்ந்ததை ஆகந்துகம் என்பார்கள்; மாயையும் கன்மமும் அந்த வகை. துருவை அவற்றோடு ஒப்பிடலாம், ஆணவத்தோடு ஒப்பிட முடியாது. மேலும் ஃபோர்மேன் துடைத்த துரு அடுத்த மழையில் திரும்பி வரும். முத்தியில் வலியிழந்த ஆணவம் மீண்டும் தலைதூக்குவதில்லை.

ஆயுத பூசையன்று டிராக்டருக்குத் திருநீறும் சந்தனப் பொட்டும் வைப்பதால் அதற்கு உயிர் உண்டென்று சைவம் ஒப்புக்கொண்டதாகாது. சித்தாந்தத் தத்துவப் பட்டியலில் இரும்பும் டீசலும் மாயையின் காரியங்கள், சடப்பொருள்கள். பொட்டு வைத்த கை உயிருடையது. பூசை அந்தக் கைக்கும் அது வணங்கும் சக்திக்கும் இடையே நடப்பது.