தோலை உண்பவர் யார்?

சுரைக்காயைச் சீவியதும் அதன் தோலைக் குப்பையில் எறிகிறோம். வங்காளத்துப் பழைய அடுக்களையில் அவ்வாறு செய்வதில்லை. அத்தோலை மெல்லிய நார்களாக அரிந்து, கருஞ்சீரகம் தாளித்து, கசகசா சேர்த்து வதக்கிச் சோற்றோடு உண்பார்கள். உருளைக்கிழங்குத் தோலும், பூசணிக் கொடியின் இளந்தண்டும் இலையும் அங்கே வீண்போவதில்லை. பூசணியில் ஆண்பூக்களே மிகுதி. அவை காயாக மாட்டா. மகரந்தத்திற்கென்று சிலவற்றைக் கொடியில் விட்டு, ஏனையவற்றைப் பறித்து மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். கொடிக்கும் குறைவில்லை.

இதனை அபரிக்ரஹம் என்றே போற்றத் தோன்றுகிறது. தேவைக்கு மேல் கொள்ளாமை, பதஞ்சலி முனிவர் கூறும் ஐந்து யமங்களுள் ஒன்று. கொண்டதை முழுவதும் பயன்படுத்துபவருக்கு மேலும் கொள்ள வேண்டிய அவசியம் குறைகிறது. மண்ணும் நீரும் உழவரின் உழைப்பும் கலந்த பொருளை எறியக் கை கூசுவது நல்ல பண்புதான்.

ஆயினும் அந்த அடுக்களையின் மறுபக்கத்தையும் நாம் காண வேண்டும். வங்காளத்து உயர்சாதி இந்துக் குடும்பங்களில் விதவைக்கு மீனும் இறைச்சியும் விலக்காக இருந்தன. வெங்காயம், பூண்டு, மசூர்ப் பருப்புகூட விலக்கப்பட்டிருந்தன. ஏகாதசியன்று பலருக்குத் தண்ணீரும் இருக்கவில்லை. அவர்களுள் சிறுமிகளும் இருந்தனர். 1856-ஆம் ஆண்டுச் சட்டம் மறுமணத்திற்கு வழி திறந்தது. உணவு விதிகளோ அதன் பின்னும் நீடித்தன. விலக்கப்படாமல் எஞ்சிய தோலையும் தண்டையும் பூவையும் கொண்டு அப்பெண்கள் சமைத்தார்கள். வங்காளத்து மரக்கறி உணவின் நுட்பங்கள் பல அவர்களுடைய கைப்பழக்கத்தில் வளர்ந்தவை.

அவர்கள் மேற்கொண்டது துறவா? துறக்கும் உரிமை அவர்களிடம் இருக்கவில்லை. மீன் குழம்பு உண்டு எழுந்தவர்கள் அவர்களுடைய நோன்பைப் புகழ்ந்தார்கள். அப்புகழ்ச்சியில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே சுரைக்காய்த் தோல், விரும்பி உண்பவருக்குத் தவமாகிறது. வேறொன்றும் தரப்படாதவருக்குத் தண்டனையாகிறது.

பீர்க்கங்காய்த் தோல் துவையல் நம் இல்லங்களிலும் உண்டு. கூட்டு அனைவருக்கும் போய்ச் சேர்ந்தபின், துவையலோடு மட்டும் கடைசியில் உண்ண அமர்பவர் யார் என்று பார்ப்பது நலம். சிக்கனத்தை மேற்கொள்ள விழையும் குடும்பத் தலைவர் முதலில் தமது இலையில் அதை இட்டுக்கொள்ளட்டும். உண்ணத்தகாத பகுதிகளும் உண்டு என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்: தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளின் இலைகளும், பச்சை நிறம் ஏறிய கிழங்கின் தோலும் ஆகா. பூச்சிமருந்து தெளித்த காயானால் தோலை நன்கு கழுவியாக வேண்டும். வாழைப்பூவில் ஒவ்வொரு பூவாக நரம்பு நீக்க வெகுநேரம் பிடிக்கும். அந்த வேலைக்கும் அவரே உட்காரலாம்.