யாரைக் காத்தார்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. களமருதூரில் எங்கள் ஓட்டு வீட்டில் ஒழுகாத இடம் சாமி மாடத்து மூலைதான். பிள்ளைகளை அங்கே படுக்க வைத்தோம். மற்ற இடமெல்லாம் அண்டாவும் குண்டானும். விடிந்ததும் அம்மா விபூதி பூசிக்கொண்டு, "அண்ணாமலையார் காப்பாத்திட்டார்டா" என்றாள்.

அன்று மாலையே திருவண்ணாமலையில், லிங்கம் என்று நாம் கும்பிடும் அதே மலையில், பாறையும் மண்ணும் சரிந்து ஏழு பேர் புதைந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். நம்மைக் காத்தவர் தம் காலடியில் இருந்தவர்களை ஏன் விட்டார்? முன்வினை என்றார் திண்ணையில் ஒரு பெரியவர். குழந்தைகள் பேரில் கடன் எழுதும் அந்தப் பதிலை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன். அம்மாவிடம் கேட்டேன். அவள் விடை சொல்லவில்லை, அழுதாள்.

டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. வீட்டிலிருந்த அரிசியைப் போட்டு அம்மா புளிச்சோறு கிளறி அந்த ஊர்களுக்குக் கொடுத்தனுப்பினாள். அவளுடைய நன்றியில் நான் நம்புவது இந்தப் பாதியைத்தான்.

பிழைத்தவர்கள் சாமிக்கு நன்றி சொல்லுங்கள். செத்தவர்களின் வினையை மட்டும் தயவுசெய்து பேசாதீர்கள்.