நடாத மரத்துக்கு உரியவர் யார்?

மதவாச்சியிலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் வீதி செட்டிகுளத்தை அண்மிக்கையில் இரு மருங்கும் காடு தொடர்கிறது. பாலை, வீரை, முதிரை, இடையிடையே கருங்காலி. இவற்றை எவரும் நட்டதில்லை. வன்னி மக்களுக்குக் காடு கண்டு வியப்பதற்குரிய காட்சியன்று. வீட்டுக்கு வளையும், கலப்பைக்கு மரமும், தேனும், பாலைப்பழமும் தந்த களஞ்சியம் அது.

அக்களஞ்சியம் எவருக்கு உரியது? 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் இதற்கு விடை கூறிற்று. காடாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமனைத்தும், மாறாக நிறுவப்படும் வரை, முடிக்குரியதாகக் கொள்ளப்பட்டது. தன் உழைப்பைக் கலந்தவனுக்கே பொருள் உரியது என்று வாதிட்ட ஜோன் லொக் பிறந்த நாட்டினரே இச்சட்டத்தை இயற்றினர் என்பது சிந்திக்கத்தக்கது. பாலையை வளர்க்க முடி ஒரு குடம் நீரும் வார்த்ததில்லை. எனினும் கருங்காலியும் முதிரையும் கப்பலேறின. பாலையின் வன்மை ரயில் பாதையின் சிலிப்பர்க் கட்டைக்கு உகந்ததாயிற்று.

நட்டவரின் நிலையேனும் மேலானதா எனின், அதுவுமில்லை. உலர்வலயத்தில் தேக்கு வளர்க்க வனத்திணைக்களம் பர்மாவிலிருந்து வந்த ஒரு முறையைக் கையாண்டது. சேனைக்காரருக்குக் காட்டுத்துண்டு சில ஆண்டுகளுக்கு வழங்கப்படும். அவர் தம் பயிரினிடையே தேக்கங்கன்றுகளை நட்டுப் பேணிப் பின் நிலத்தை விட்டு அகல வேண்டும். மரம் அவருடையதன்று. உழைப்பு என்னும் அளவுகோல் இங்கு முறிந்துபோகிறது.

அரசு பிறவாத தலைமுறைக்காகக் காட்டைக் காக்கிறது என்பர் சிலர். இவ்வாதம் எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. ஒரு பாலை முற்றி வைரமேற ஒரு மனிதனின் ஆயுள் போதாது. தான் மீளக் காணவியலாத ஒன்றை ஒருவன் முற்றாக நுகர்தல் அறமாகாது. 1990 இல் இயற்கைக் காடுகளில் மரம் தறித்தல் நிறுத்தப்பட்டிராவிடின், மரக்காலைகளின் வாள்கள் எதனை விட்டுவைத்திருக்கும்?

ஆயின் அதே அரசு 2009 இல் செட்டிகுளத்துக் காட்டை அழித்து மெனிக் பாம் முகாம்களை அமைத்தது. போரினின்றும் வந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடைக்கப்பட்டனர். முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. தேவை கருதிக் காடழித்தல் நியாயமெனின், அந்நியாயம் அம்முகாமிலிருந்து ஊர் திரும்பியவருக்கும் உண்டன்றோ?

அவர் திரும்பிச் சென்றபோது வளவு காடாகியிருந்தது. வயலில் மரம், சில இடங்களில் வனத்திணைக்களத்தின் எல்லைக்கல். மாறாக நிறுவும் பொறுப்பு இன்றும் அவரையே சார்கிறது. காணி உறுதியோ இடப்பெயர்விற் தொலைந்தது. கைவிடுதலுக்கு விருப்பம் வேண்டும். எறிகணைக்கு அஞ்சி ஓடியவர் நிலத்தைக் கைவிட்டவர் ஆகார். ஆகவே அங்கு எழுந்த காட்டைப் பயிரிடப்படாத நிலமென்பது சொல்லளவிற் சரியாயினும் அறத்தின்படி பிழை. நிலம் அவருடையதே.

மரத்தைப் பற்றி அவ்வளவு துணிந்து கூறவியலாது. அதனை அவரும் நடவில்லை, அரசும் நடவில்லை. அவர் இல்லாத ஆண்டுகளில் அது வளர்ந்தது. இப்போது அதில் குருவிகள் குடியிருக்கின்றன. அவருக்கோ வீட்டுக்கு வளை இல்லை.