தெரிந்தே எழுப்பும் அலை

கடல் இல்லாத ஊரில் அலைச்சறுக்கு ஆட ஆசைப்பட்டால் அலையை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா, வெர்மான்ட் மாநிலங்களின் ஏரிகளில் கோடைதோறும் நடப்பது அதுதான். வேக்சர்ஃபிங் என்று பெயர். பலகையோடு நீரில் கிடப்பவர் படகிலிருந்து வரும் கயிற்றைப் பிடித்து எழுகிறார். பின்னால் புரளும் அலை தன்னைத் தாங்குகிறது என்று கால் உணர்ந்ததும் கயிற்றை விட்டுவிடுகிறார். பிறகு அவரைச் சுமந்து போவது அலை மட்டுமே. ஆனால் அவர் பலகையை விட்டு இறங்கியதும் அலை நின்றுவிடுவதில்லை. அது கரை வரை போகிறது. அங்கே மண்ணைப் பறிக்கிறது, நீர்ச்செடிகளை அலைக்கழிக்கிறது, கட்டிவைத்த சிறு படகைத் துறையில் முட்ட வைக்கிறது. அவர் விரும்பியது படகுக்குப் பின்னால் உள்ள சில அடி அலையை மட்டும். மிச்சத்துக்கும் அவர் பொறுப்பா? நோக்கத்தில் இல்லாத விளைவுக்கு மனிதன் எவ்வளவு தூரம் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற பழைய அறக் கேள்விதான் இது. பொறுப்புதான் என்பது என் கட்சி. வேறு பல விளையாட்டுகளைவிட இதில் அந்தப் பொறுப்பு கூடுதல் என்றும் சொல்வேன். காரணம், இந்த அலை தற்செயலாக எழுவதில்லை, அளந்து செய்யப்படுகிறது.

எப்படி அளக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். சாதாரண விசைப்படகு வேகமெடுத்தால் நீர்மேல் எழும்பி வழுக்கி ஓடும். பின்னால் விடும் அலை சிறியது. வேக்சர்ஃபிங் படகு அதற்கு நேர்மாறு. மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில், மூக்கைத் தூக்கி, பின்புறம் அமிழ்ந்து, நீரை உழுதுகொண்டு போக வேண்டும். அதற்காகவே பாலாஸ்ட் தொட்டிகளில் ஏரித் தண்ணீரை பம்ப் வைத்து ஏற்றுகிறார்கள். பெரிய படகுகளில் இந்தப் பாரம் மட்டுமே 1,500 கிலோவைத் தாண்டும். ஆர்க்கிமிடீஸ் சொன்ன கணக்குத்தான்: படகு கனக்கக் கனக்க அது விலக்க வேண்டிய நீரும் கூடும், அலையும் பெருக்கும். பின்தொட்டியில் பாரம் கூடினால் அலை உயர்ந்து செங்குத்தாகும், நீளம் குறையும். முன்பக்கம் கொஞ்சம் சேர்த்தால் நீண்டு சாந்தமாகும். முன்பெல்லாம் சறுக்குகிற பக்கமாகத் தண்ணீர்ப் பைகளை அடுக்கி, வந்தவர்களையும் அந்தப் பக்கமே உட்காரவைத்துப் படகைச் சாய்ப்பார்கள். 2010-களில் மாலிபு நிறுவனத்தின் சர்ஃப் கேட் போன்ற அலைவடிப்பான்கள் வந்தபின் அந்தக் கூத்து குறைந்தது. படகின் பின்முனையில் இரு புறமும் அசையும் தகடுகள். இடப்பக்க அலை வேண்டுமானால் வலப்பக்கத் தகடு விரியும். அந்தப் பக்கத்து நீர் படகின் பின்னால் வந்து கூடுவது சற்றே தாமதப்படும். அதற்குள் இடப்பக்க நீர் கலங்காமல் வழவழப்பான முகத்தோடு எழும். இடக்காலை முன்வைப்பவர் அதில் நிற்பார். வலக்காலை முன்வைப்பவர் வந்தால் திரையில் ஒரு தொடுகை போதும், அலை பக்கம் மாறிவிடும்.

இனி வாதம். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ், தன்னைக் காத்துக்கொள்ளும்போது தாக்க வந்தவனைக் கொல்ல நேர்வது பாவமா என்று ஆராய்ந்தார். ஒரே செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம், ஒன்று நோக்கம், மற்றது நோக்கத்துக்கு வெளியே நிகழ்வது என்றார். இரட்டை விளைவுக் கோட்பாடாகப் பின்னாளில் வளர்ந்த இந்தச் சிந்தனை, முதல் பார்வைக்குப் படகோட்டியின் வக்கீல் போலத் தெரியும். கரை அரிப்பை அவர் விரும்பவில்லை. அரிப்பே இல்லாமல் அலை கிடைத்தால் அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அக்வினாஸ் அத்தோடு நிறுத்தவில்லை. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிக வன்முறையைக் கையாண்டால், நோக்கம் நல்லதாக இருந்தாலும் செயல் தகாதது என்றும் சொன்னார். அளவுதான் இங்கே தீர்ப்பு சொல்கிறது. விரும்பாத விளைவைக் குறைக்கும் வழி கையிலேயே இருக்கும்போது குறைக்காமல் விட்டவர், நான் விரும்பவில்லை என்று தப்ப முடியாது. வலப்பக்க நீரைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால் இடப்பக்கத்தில் என்ன ஆகும் என்று அறிந்தவர், அந்த நீர் மொத்தமும் எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? அறியாமையை மன்னிக்கலாம். பாதி அறிவை மட்டும் வசதியாகப் பயன்படுத்துவதை மன்னிப்பது கடினம்.

நீர் எங்கே போகிறது என்பதை அளந்தும் பார்த்துவிட்டார்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் செயின்ட் அந்தோணி ஃபால்ஸ் ஆய்வகம் நான்கு படகுகளை ஒரே ஏரியில் ஓடவிட்டு, 2022-இல் அறிக்கை தந்தது. சாதாரணப் படகின் அலை 200 அடி தூரத்தில் எந்த அளவில் இருக்குமோ, அந்த அளவுக்கு வேக்சர்ஃபிங் படகின் அலை தணிய 500 அடிக்கும் மேல் தேவைப்பட்டது. அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. உயரம் ஒன்றரை மடங்கானால் ஆற்றல் இரண்டேகால் மடங்கு. சறுக்குபவர் கூடுதலாகக் கேட்கும் அரையடி அவர் கண்ணுக்கு அரையடிதான், கரைக்கு அப்படியில்லை. மேலும், மூக்கு தூக்கிய படகில் விசிறி தள்ளும் நீர் சாய்வாகக் கீழே பாய்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் அடிச்சேறு கலங்கி, அதிலுள்ள பாஸ்பரஸ் மேலே வந்து பாசியை வளர்க்கும்.

புயலடித்தால் இதைவிடப் பெரிய அலை வருமே, அப்போது யாரைக் குற்றம் சொல்வீர்கள் என்று கேட்கிறார்கள். பேரேரிகளுக்கு அது சரி. சிறிய ஏரியில் காற்று ஓடிவரத் தூரம் போதாது, அதனால் காற்றலையும் பெரிதாக வளர்வதில்லை. அத்தகைய கரையும் அதன் செடிகளும் சிறு அலைக்குப் பழகியவை. இந்த இயற்பியலைத் தள்ளிவைத்தாலும் அந்தப் புயல் வாதம் நிற்காது. இயற்கை செய்வதையெல்லாம் மனிதன் செய்யலாம் என்றால் வெள்ளமும் கொள்ளைநோயும்கூட முன்மாதிரி ஆகிவிடும். காற்றிடம் தொட்டியை வடிக்கும் பொத்தான் இல்லை. படகில் இருக்கிறது.

இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று. என் ஒரு படகு, ஒரு மாலை, பத்துச் சுற்று. இதனால் கரை எவ்வளவு கரைந்துவிடும்? உண்மையில் அளக்க முடியாத அளவுதான். பிரிட்டிஷ் தத்துவவாதி டெரக் பார்ஃபிட் 1984-இல் வெளியிட்ட நூலில் இந்தத் தர்க்கத்தைச் சோதித்தார். ஆயிரம் பேர் ஆளுக்கொரு பொத்தானை அழுத்துகிறார்கள். ஒவ்வொரு அழுத்தமும் வதைபடுபவரின் வலியை உணர முடியாத சிறு அளவே கூட்டுகிறது. ஆயிரமும் சேர்ந்தால் அது கொடும் வதை. ஒருவர்கூடத் தீங்கு செய்யவில்லை, ஆனால் தீங்கு நடந்துவிட்டது என்பது அபத்தம். ஆகவே, என் செயல் தனியாக என்ன செய்கிறது என்பதோடு, மற்றவர்களின் செயலோடு சேர்ந்து என்ன செய்கிறது என்றும் கேட்கச் சொன்னார் பார்ஃபிட். படகுத் தொழில் அமைப்பு கரையிலிருந்து 200 அடி தள்ளியிருந்தால் போதும் என்று வாதாடுகிறது. அதே அமைப்பு, ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள் என்றும் அறிவுரை தருகிறது. பார்ஃபிட்டின் கேள்வியின் நியாயத்தை அவர்களே பாதி ஒப்புக்கொண்டாயிற்று.

ஏரி எல்லோருக்கும் பொது, கரையில் வீடு கட்டியவர் மட்டும் அமைதியைக் குத்தகைக்கு எடுக்க முடியாது என்ற வாதத்தை நான் முழுதாக ஏற்கிறேன். காற்றும் ஓடும் நீரும் கடலும் எல்லோருக்கும் பொது என்று ஜஸ்டினியனின் 533-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது. நாணலை வெட்டிப் புல்தரையை நீர்விளிம்பு வரை இழுத்தவர்களும் சிமென்ட் சுவர் எழுப்பியவர்களும் கரையை வலுவிழக்கச் செய்தவர்களே. படகுக்காரரை மட்டும் கூண்டில் ஏற்றுவது ஓரவஞ்சனை. ஆனால் பொது என்ற உரிமை இரு தரப்புக்கும் ஒரே அளவில்தான் கிடைக்கும். படகில் வந்தவர் போகும்போது, நீந்துபவருக்கும் தூண்டில் போடுபவருக்கும் கூடு கட்டிய லூன் பறவைக்கும் ஏரி முன்போலவே மிச்சம் இருக்க வேண்டும். அதற்குச் சறுக்குவதையே விட வேண்டியதில்லை. நல்ல அலைக்கே ஆழமான நீர்தான் தேவை. பாரத்தையும் தகட்டையும் திருத்துகிற அதே கையால் இடத்தையும் திருத்திக்கொள்ளலாம்.

வெர்மான்ட் 2024-இல் கொண்டுவந்த விதி இந்த அளவில்தான் நிற்கிறது, அது நியாயமானது என்றே நினைக்கிறேன். கரையிலிருந்து குறைந்தது 500 அடி, ஆழம் குறைந்தது 20 அடி, அப்படிப்பட்ட நீர்ப்பரப்பு தொடர்ச்சியாக 50 ஏக்கர். இவை இல்லாத ஏரியில் இந்த அலையை எழுப்பக் கூடாது. பாலாஸ்ட் தொட்டியைப் பற்றியும் அதே விதி பேசுகிறது. 1980-களின் இறுதியில் கப்பல்களின் பாலாஸ்ட் நீரில் வந்த ஜீப்ரா சிப்பி அமெரிக்கப் பேரேரிகளில் பரவிய கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு வடித்தாலும் தொட்டியில் கொஞ்சம் நீர் தங்கிவிடும். ஆகவே வெர்மான்ட்டில் இத்தகைய படகு வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒரு ஏரியையே தன் படகின் வீடாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஏரி மாற்றுவதானால் முதலில் படகைத் தூய்மை செய்ய வேண்டும்.